கைப்பிடி ஓரத்துக் கட்டம்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ரசமட்டம் வீடு எது என்று கேட்டால் போதும், யாராவது கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிற மனுஷன். மட்டம் பார்க்கிற அந்தச் சின்னக் கருவி, உள்ளே ஒரு காற்றுக்குமிழி ஓடுமே, அந்த ரசமட்டத்தைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டேதான் திரிவார். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேஜையின் மேல் அதை வைத்துப் பார்த்து, "இந்தக் கால் ஒரு நூல் இறக்கமா இருக்கே" என்று சொன்ன பிறகுதான் தட்டில் கை வைப்பார். மாமியாரின் படத்தைச் சுவரில் மாட்டிய அன்று, "உங்கம்மா இடது பக்கம் சாயுறாங்க" என்று சொல்லப்போய், மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக்குப் பின்னால், நீச்சல்குளத்தைச் சுற்றித் தானே போட்ட கான்கிரீட் தளத்தைப் பற்றி வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் பாடு அதோகதிதான். நீச்சல்குளம் என்றதும் பெரிய பணக்கார வீடு என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் சேர்ந்து இறங்கினால் முழங்கை இடிக்கும். குழி தோண்டியதிலிருந்து குழாய் பதித்தது வரை எல்லாம் அவர் கைவேலை. அதிலும் தளம்தான் அவருக்கு உயிர். மண்ணை நனைத்து நனைத்துத் திமிசால் குத்தி இறுக்கி, மேலே ஜல்லி பரப்பி, கம்பி வலை கட்டி, ஒரே மூச்சில் கான்கிரீட் ஊற்றியது. மழைத் தண்ணீர் குளத்துக்குள் ஓடாமல் வெளியே வடியும்படி வாட்டம். காய்வதற்கு முன்பே துடைப்பத்தை ஒரே சீராக இழுத்து, ஈரக்கால் வழுக்காதபடி சொரசொரப்பு. அப்புறம் ஈரச்சாக்கைப் போர்த்தி, விடாமல் நனைத்துக் காத்தார். வெயிலுக்கு விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்று தளத்தைக் கட்டம் கட்டமாக அறுத்துவிட்டார். "கான்கிரீட்டுன்னா விரிசல் விடத்தான் செய்யும்னு ஊரே சொல்லும். எங்க வீட்டுக்கு வந்து ஒரே ஒரு மயிரிழை காட்டு பார்ப்போம், மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை அவருக்குப் பெரிய மீசை.

இவ்வளவு பாடும் மகளுக்காக. பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், இருபது வயது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. பள்ளியில் படிக்கும்போது ஒரு வண்டி மோதி இடுப்பு நொறுங்கிப் படுத்தவள். தண்ணீருக்குள் நடந்தால்தான் காலில் பலம் ஏறும், விட்டுவிட்டால் இறுகிப்போகும் என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கியவர் ரசமட்டம். அதை மறுக்க முடியாது. பாப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு தளத்தின் மேல் வந்து, படிக்கட்டு ஓரத்தில் நட்டிருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து, மெல்லத் தண்ணீருக்குள் இறங்குவாள். மற்ற நேரமெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பாள். முகம் அம்மாவைப் போல, நாக்கு அப்பாவைப் போல.

முதலில் போட்ட தளம் இது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தளத்தில், போட்ட மறு வருஷமே, பின்மூலையில் ஒரு கட்டத்தில் நூல்போல ஒரு விரிசல் விட்டது. அந்தச் சமயத்தில்தான் பாப்பா வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு அடுப்படி வரை நடந்து போய், அம்மாவைப் பின்னாலிருந்து "பே" என்று பயமுறுத்தியிருந்தாள். அம்மா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள், தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ரசமட்டம் விரிசலைப் பார்த்தார். "மொத்தமும் போச்சு. எல்லாத்தையும் பேத்துட்டுத்தான் போடணும்" என்றார். கான்கிரீட்காரரே சொன்ன பிறகு வீட்டில் யார் மறுத்துப் பேசுவது? குளத்தை வடித்தார்கள், தளத்தை உடைத்தார்கள். மழை வந்தது, வெளிவேலை வந்தது, மாதங்கள் ஓடின. புதுத் தளம் அச்சில் வார்த்ததுபோல் வந்தது. அதற்குள் பாப்பாவின் கால்கள் மறுபடி இறுகிப்போய், வாக்கர் திரும்பி வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கெட்டுப்போனதை உடைத்துத்தானே ஆகவேண்டும்? அவரோ, "இதுலயும் விரிசல் விழட்டும் பார்க்கலாம், மறுபடி மொத்தத்தையும் பேத்துடுவேன்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சவால் விட்டுக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் கண் தட்டிலேயே இருக்கும்.

அன்று தளத்துக்குச் சீலர் அடிக்க வேண்டிய நாள். தண்ணீர் உள்ளே ஊறாமல் இருக்கக் கான்கிரீட்டின் மேல் அடிக்கிற பூச்சு அது, சில வருஷத்துக்கு ஒருமுறை அடித்தால்தான் தளம் நிலைக்கும். அதற்கு முன்னால் தளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். கழுவுகிற வேலையை மட்டும் மனைவி அவரிடம் விட்டதே கிடையாது. "உங்க முதுகுக்கு இது ஆகாது, போய் வேற வேலையைப் பாருங்க" என்று விரட்டிவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகுதான் அவரை அந்தப் பக்கம் விடுவாள். தினமும் அவர் எழுவதற்கு முன்பே குளத்தடியில் அவளுக்கு ஏதாவது வேலை இருக்கும். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நண்பர்களிடம் சொல்லி மாய்ந்துபோவார். அந்த வீட்டில் அவருக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பல் துலக்கும் பிரஷ் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? "நீங்க பல்லை விளக்குறீங்களா, பாத்திரத்தை விளக்குறீங்களா?" என்று கேட்பார். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று பார்த்து மனைவியின் தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல். தம்பி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து அக்காவை அழைத்துப்போனான். "நான் வந்து கழுவிக்கறேன், நீங்க தொடாதீங்க" என்று வாசலில் நின்று ஒருமுறை, வண்டியில் ஏறிய பிறகு ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போனாள். ரசமட்டத்துக்குப் பாவமாக இருந்தது. எத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து தேய்க்கிறாள், இன்றைக்கு ஒரு நாள் திரும்பி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, பைப்பைத் திறந்து, பிரஷ் கட்டையால் தளம் முழுக்கத் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

நல்ல வெயில். நனைந்த கான்கிரீட் கருத்துக் கிடக்கும், காயக் காய வெளுத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு ஒரு சுகம். பார்த்துக்கொண்டிருந்தவர் புருவம் சுருங்கியது. கைப்பிடி நிற்கிற கட்டத்தில், மற்ற இடமெல்லாம் இன்னும் கருப்பாக இருக்கும்போதே, வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதற்குள்ளே இன்னொரு கோடு. அதை ஒட்டி மற்றொன்று. எல்லாம் பிறைபோல் வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக, படிக்கட்டைப் பார்த்து நின்றன.

அழுக்கு என்று நினைத்து எழுந்து போய் நகத்தால் சுரண்டினார். அழுக்கு இல்லை. நகத்துக்குக் கீழே ரப்பர் மாதிரி நெளிந்தது. விரிசல் அடைக்கிற பசை! மச்சினன் கடையில் அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிற அதே பசை. குனிந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். பசையின் மேலும் சொரசொரப்புக் கோடுகள் ஓடின, ஆனால் அவர் இழுத்த துடைப்பக் கோடுகள் இல்லை. துடைப்பம் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு மெல்லியதாகக் கோடு போடாது. சின்ன பிரஷ். பல் துலக்குகிற பிரஷ்!

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் வந்தது கோபம்தான். என் வீட்டில், என் தளத்தில், என் மூக்குக்குக் கீழேயே! ஊரெல்லாம் மீசையைப் பணயம் வைத்துப் பேசியிருக்கிறேனே! காது மடல் சூடாகியது. ஆனால் கோபம் முழுசாக ஏறுவதற்குள், உள்ளே இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான். வெயிலுக்கு விடுகிற விரிசல் இங்கொன்றும் அங்கொன்றுமாக நேராக ஓடும். பிறைபோல் வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே இடத்தைச் சுற்றி வந்தால் அதற்கு வேறு அர்த்தம். அடியில் தாங்கல் இல்லை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு குளத்தின் மறுகோடிக்குப் போனார். நல்ல இடத்துச் சத்தம் முதலில் காதில் ஏற வேண்டும், அப்போதுதான் கெட்ட இடத்துச் சத்தம் பிடிபடும். குனிந்து தட்டினார். டக். கல்லைத் தட்டினதுபோல் இறுக்கமான சத்தம். அடுத்த கட்டம். டக். மண் கெட்டியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தலையைச் சாய்த்து, காதை மட்டும் தீட்டிக்கொண்டு, தட்டித் தட்டி வந்தார்.

இந்த நேரத்தில்தான் பாப்பா வகுப்பை முடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். தளம் நனைந்திருப்பதைப் பார்த்தாள், கைப்பிடி ஓரத்தில் வெளுத்துத் தெரிகிற கோடுகளைப் பார்த்தாள், மறுகோடியில் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிற அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டது. இன்னும் அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வாக்கரைச் சத்தம் வராமல் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு அவசரமாக வந்து, தோளில் கிடந்த பெரிய துண்டைக் கோடுகளின் மேல் விரித்தாள். விரித்து, கைப்பிடியைப் பிடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்தாள்.

டக், டக் என்று வந்த ரசமட்டம் அறுத்துவிட்ட கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் தட்டினார்.

டொம்.

வெறும் பானையைத் தட்டினதுபோல் ஒரு சத்தம். அவர் கை அப்படியே நின்றது. கான்கிரீட் வேலையில் தலை நரைத்தவர், ஆனால் இப்படிப்பட்ட சத்தத்தைத் தன் வீட்டில் கேட்டதில்லை. தலையை நிமிர்த்தினார். துண்டு தெரிந்தது. துண்டின் மேல் மகள் தெரிந்தாள்.

"என்னப்பா பாக்கறீங்க? வெயில் நல்லா இருக்கேன்னு உக்காந்தேன்" என்றாள் பாப்பா.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்று உடம்பு துடித்தது. ஆனால் அவர் கனமான ஆள். அவர் ஒரு கால் வைத்தால் அவளோடு சேர்ந்து அவரும் உள்ளே போவார். எழுந்திரு என்று சொன்னால் வாக்கரை ஊன்றுவாள், ஊன்றினால் எந்தக் காலடியில் உடையும் என்று யாருக்குத் தெரியும்? கைப்பிடியும் அந்தக் கட்டத்தில்தான் நட்டிருக்கிறது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"பாப்பா. அப்பா சொல்றதைக் கேளும்மா. வாக்கரைத் தொடாத. கைப்பிடியையும் பிடிக்காத. அப்படியே முன்னாடி நகந்து தண்ணிக்குள்ள இறங்கிடு."

"பிடிக்காம எப்படிப்பா?"

"தண்ணி தாங்கிக்கும்மா. இறங்கு, என் கண்ணில்ல."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் இப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அவள் முகம் வெளுத்தது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க, நானே சொல்லிடறேன், அந்தக் கோடு..."

"கோவம் இல்லடா. அப்புறம் பேசுவோம். இறங்கு."

அவள் கையை இரண்டு பக்கமும் ஊன்றி, இடுப்பை முன்னால் தள்ளி, தண்ணீருக்குள் நழுவினாள். அவள் கனம் நீங்கின அந்த நொடியில் தளத்துக்கு அடியில் எங்கோ எதுவோ முறிகிறதுபோல் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தியிருந்த வாக்கர் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. அது சாய்வதைத் தெரிந்துகொள்ள அவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சட்டையோடு, சட்டைப்பையில் இருந்த ரசமட்டத்தோடு, இந்தப் பக்கத்திலிருந்து குளத்துக்குள் குதித்தார். மகளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். அவர் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் ஒன்றும் குளிராக இல்லை.

அதே சமயத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மனைவியும் அவள் தம்பியும் வந்தார்கள். அவள் கண்ணில் முதலில் பட்டது சாய்ந்து நிற்கிற வாக்கர். ஆள் இல்லாத துண்டு.

"ஐயோ பாப்பா!"

பையைப் போட்டுவிட்டு நேராக அந்தக் கட்டத்தைப் பார்த்து ஓடினாள்.

"நில்லு! அங்கேயே நில்லு! கால் வைக்காத!"

ரசமட்டம் கத்திய கத்தலில் அவள் தூக்கின காலைத் தூக்கினபடியே நின்றாள். தம்பி பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். "இங்க இருக்கேம்மா, இங்க" என்று பாப்பா தண்ணீரிலிருந்து கையை ஆட்டினாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரசமட்டம் கரையேறினார். தண்ணீர் சொட்டச் சொட்டக் கடப்பாரையை எடுத்துவந்து, பக்கத்துக் கட்டத்தில் நின்றுகொண்டு, எட்டி ஒரு குத்துக் குத்தினார். ஒரே குத்துதான். கட்டத்தின் பாதி உடைந்து, துண்டும் வாக்கருமாக உள்ளே சரிந்தது. சரிந்து கீழே விழுந்த சத்தம் வருவதற்குச் சற்று நேரம் ஆனது. அந்த நேரத்தைத்தான் அவர்கள் யாராலும் பிறகு மறக்க முடியவில்லை.

எட்டிப் பார்த்தார். மண் இல்லை. அவர் நனைத்து நனைத்துத் திமிசால் குத்திய மண்ணில் ஒரு பிடிகூட அங்கே இல்லை. குழாய் மூட்டு ஒன்று விட்டுப்போய், தண்ணீர் வருஷக்கணக்காக மண்ணை அரித்து, பக்கத்தில் கழிவுத் தண்ணீருக்காக வெட்டியிருந்த பழைய உறிஞ்சுகுழிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. கடப்பாரையை உள்ளே விட்டார். முழுசாக இறங்கியும் அடி தட்டவில்லை. இதன் மேல்தான் என் பெண் இத்தனை காலம் தினம் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் கடப்பாரையை வெளியே இழுத்துப் போட்டார்.

"இவ்வளவு தண்ணி ஒழுகியிருக்கு. குளத்துல குறைஞ்சிருக்கணுமே?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"குறைஞ்சுதுங்க" என்றாள் மனைவி. "நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நான் பைப்பைப் போட்டு ரொப்பிடுவேன். வெயிலுக்கு ஆவியா போகுதுன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"இந்தப் பசை?"

"அதுவும் நான்தான். கோடு விழ விழ அடைச்சேன்."

"பிரஷ்ஷால கோடு இழுத்தது?"

"அது நான்" என்றாள் பாப்பா தண்ணீருக்குள்ளிருந்து.

தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பசை நம்ம கடையிலதான் அத்தான். கலர் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தேன். கொஞ்சமாவது வித்தியாசம் தெரிஞ்சுதா சொல்லுங்க?" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. குழியைப் பார்த்தான், வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"ஏன்? ஏன் ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல? இதே தொழில்தானே எனக்கு? ஊரான் வீட்டுல எல்லாம் போய்ப் பாக்கறேனே, எம் பொண்ணு உக்கார்ற இடத்தைப் பாக்கமாட்டேனா?" ரசமட்டம் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

பாப்பாதான் பதில் சொன்னாள். "சொன்னா மொத்தத்தையும் உடைச்சிருப்பீங்க. தினமும் அதைத்தானே சொல்லிட்டிருந்தீங்க. போன தடவை உடைச்சப்ப என் கால் போச்சு. இப்ப மிச்சம் இருக்கறதே இவ்வளவுதான்பா. இதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அம்மா சொல்லிடலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் அழுது தடுத்தேன்."

குழாய் மண்ணைத்தான் அரித்தது. இவர்கள் வாயை அடைத்தது அவர் விட்ட சவால். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மீசையைத் தடவித் தடவி அவர் பேசிய பேச்சு, இன்றைக்கு மகளைக் குழிக்குள் தள்ளப் பார்த்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவருக்கு.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இப்ப என்ன செய்யறது? மறுபடியும் எல்லாத்தையும் உடைக்கணுமா? எத்தனை மாசம் ஆகும்?"

மகளைத் தேற்ற வேண்டும் என்கிற வேகத்தில் அவர் படபடவென்று சொன்னார். "எதுக்கு எல்லாத்தையும் உடைக்கணும்? இந்த ஒரு கட்டம்தான். அதுக்குத்தானே கட்டம் கட்டமா அறுத்து விட்டிருக்கு? ஒண்ணு போனா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போட்டுக்கலாம். குழாய் வாயை அடைச்சுட்டா குளத்தை வடிக்கக்கூட வேண்டாம். மண்ணை ரொப்பி, குத்தி, ஊத்திடுவேன். பாப்பா நாளைக்கே இந்தப் பக்கமா இறங்கலாம். ஒரு நாளும் விட வேண்டாம்."

என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத்தான் முதலில் புரிந்தது. கணக்கு டீச்சருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப போன தடவை?" என்றாள் பாப்பா.

அவர் குழியைப் பார்த்தார்.

"போன தடவையும் ஒரு கட்டத்துலதானே விரிசல்? பின்மூலையில? அப்பவும் கட்டம் கட்டமாத்தானே அறுத்திருந்தீங்க?"

அடிமண் சரியில்லை, கம்பி சரியில்லை, கலவை சரியில்லை. பொய்கள் வரிசையாகத் தொண்டை வரை வந்து நின்றன. எது சொன்னாலும் நம்புவார்கள், கான்கிரீட்காரர் சொல் அல்லவா? ஆனால் இந்த வீட்டில் மூடிவைத்த ஒன்று என்ன செய்யும் என்பது காலடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஒரு கட்டத்தை மட்டும் புதுசா போட்டா, நிறம் பழசோட ஒத்துப்போகாதும்மா" என்றார். "ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். பாக்கறவன் சிரிப்பான்னு..."

"நிறமா?"

பாப்பா கத்தவில்லை. கேட்டது சரியாகத்தான் கேட்டதா என்று தெரிந்துகொள்கிறவள்போல் கேட்டாள்.

"நிறத்துக்காகவாப்பா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மனைவி எழுந்து நின்றாள். இத்தனை நேரமும் குற்றவாளிபோல் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் புருஷனைப் பார்த்தாள். அன்று அடுப்படியில் கீழே போட்ட சொம்பு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தம்பி தரையைப் பார்த்தான். பாப்பா தண்ணீருக்குள் தெரிகிற தன் கால்களைக் குனிந்து பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, நீங்க வந்து தூக்கிவிடுங்க" என்றாள். ரசமட்டம் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அந்த ஒரு கட்டத்தை அவரே தனியாக உட்கார்ந்து எடுத்தார். குழாயை மாற்றினார், உறிஞ்சுகுழியை மூடினார், மண்ணைக் குத்தி இறுக்கி ஊற்றினார், கைப்பிடியை மறுபடி அதே இடத்தில் நட்டார். அந்த வேலை முடிகிறவரை எதிர்ப்பக்கம் ஒரு கைப்பிடி நட்டுக் கொடுத்தார், பாப்பா ஒரு நாளும் விடாமல் இறங்கினாள். நிறம் ஒத்துப்போகவில்லை. பழைய தளத்துக்கு நடுவே புதுக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. மச்சினன் சாயம் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, "அப்படியே இருக்கட்டும். வர்றவன் எல்லாம் கேக்கட்டும்" என்றார். வந்தவர்கள் கேட்டார்கள். மீசையில்லாத முகத்தோடு நின்று ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொன்னார். மனைவி வேண்டியதற்கு மட்டும் பேசினாள். பாப்பா அதுவும் பேசவில்லை. அவர் வந்தால் வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒரு காலை. அவர் குழாயடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். குளத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! இங்க ஒரு கோடு விழுந்திருக்கு!"

வாய் நிறைய நுரை, கையில் பிரஷ். அப்படியே ஓடினார். புதுக் கட்டத்தின் ஓரத்தில் பாப்பா வாக்கரை ஊன்றி நின்றுகொண்டு விரலால் காட்டினாள். மண்டியிட்டுப் பார்த்தார். நகத்தால் வருடிப் பார்த்தார். சுத்தியல் எடுத்துவந்து தட்டிப் பார்த்தார். டக்.

"மேலாகத்தான் விட்டிருக்கு. ஒண்ணும் பயமில்ல" என்றார்.

"எல்லாத்தையும் உடைக்கணுமா?"

அவள் குரலில் இன்னும் முள் இருந்தது. அவர் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. பெருசானா சொல்லு."

"சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, பாப்பா தண்ணீருக்குள் இறங்கினாள்.